செவ்வந்திக்கு எடுத்த அளவு

சுகுமார் சார் தன்னைத் தேடிக்கொண்டு காலனிக்குள் வந்த அன்று செவ்வந்தி ஒரு சவப்பெட்டிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஊர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று உத்திரமேரூரில் இருந்த ஆசாரிகளை எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டார். எல்லாருக்கும் ஒரகடம் பக்கம் மாடுலர் கிச்சன் வேலை தலைக்கு மேல் கிடந்தது. கடைசியில் எவனோ, "பெட்டி அடிக்கிற செவ்வந்தி கீறாளே சார்" என்று சொல்லியிருக்கிறான். சொன்னவன் கிண்டலுக்குத்தான் சொல்லியிருப்பான். சார் நிஜமாகவே எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

"எனக்கு இது ஒண்ணுதான் சார் தெரியும்," என்றாள் அவள், உதட்டில் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு.

"ரம்பம் பிடிக்கத் தெரியுமில்ல? இழைக்கத் தெரியுமில்ல? அது போதும்மா."

அது போதும்தான். பெட்டி வேலை அவள் புருஷன் பீட்டருடையது. சுற்றுவட்டாரத்தில் கல்லறைக்குப் போகும் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் அவன்தான் பெட்டி அடித்தான். மஞ்சள் காமாலையில் அவன் போனபோது அவனுக்குப் பெட்டி அடிக்க ஆள் இல்லை. செங்கல்பட்டிலிருந்து ரெடிமேடாக வரவழைக்கலாம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே அளந்தாள், தானே அறுத்தாள், தானே அடித்தாள். அழுதுகொண்டே அடித்த பெட்டியில் ஒரு மூலைகூடக் கோணவில்லை. இத்தனை நாள் பக்கத்தில் நின்று பலகை பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று அன்றைக்குத்தான் காலனிக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தொழில் அவளிடமே தங்கிவிட்டது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவரை டேப்பால் அளக்க மாட்டார்கள். ஓட்டுக் கூரைக்கு அடிக்கிற மெல்லிய ரீப்பர் குச்சி ஒன்றைப் புதிதாக எடுத்து, பக்கத்தில் கிடத்தி, தலைக்கு ஒரு கோடு, காலுக்கு ஒரு கோடு பென்சிலால் போடுவார்கள். அளவைப் பலகையில் குறித்துக்கொண்டதும் குச்சியை இரண்டாக உடைத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். உடைத்தால் அந்த அளவு அந்த ஆளோடு முடிந்தது, குச்சி முழுசாக வெளியில் இருந்தால் அடுத்த ஆளைத் தேடும் என்பது பேச்சு. பீட்டர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். ஆனாலும் ஒரு தடவைகூட உடைக்காமல் விட்டதில்லை. செவ்வந்தியின் கைக்கும் அது அப்படியே பழகிப்போயிருந்தது.

வகுப்பு நன்றாகத்தான் ஆரம்பித்தது. பேக்கிங் பெட்டிகளைப் பிரித்த பலகைகளை வாலாஜாபாத் மரவாடியில் இருந்து சார் கொண்டுவந்து போட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு மணை செய்ய வேண்டும், உட்கார்ந்து சாப்பிடுகிற மணை, அவ்வளவுதான். முதலில் மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவது, பிறகு அறுப்பது, பிறகு இழைப்பது. கோட்டின் மேலேயே அறுக்காதே, கோட்டுக்கு வெளியில் அறு, கோடு கடைசி வரைக்கும் பலகையில் தெரியவேண்டும் என்று அவள் தொண்டை கட்டக் கட்டச் சொன்னாள். அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் வாயிலிருந்து அந்த அக்கா வந்தபோது முதல் நாள் அவள் போட்ட கோடு கொஞ்சம் கோணிப்போனது உண்மை. சந்தோஷம்தான், வேறென்ன.

அவள் போட்ட ஒரே கட்டுப்பாடு, யாரும் யாரையும் குச்சி வைத்து அளக்கக் கூடாது. ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்கு, "கூடாதுன்னா கூடாது" என்றாள். பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று, பிள்ளை பெறாத அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிள்ளைகளில் கெட்டிக்காரி ஜெயப்பிரியா. ஐந்தாம் வகுப்பு. ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் வைத்திருக்கும் வெங்கடேசனுடைய ஒரே பெண். ரம்பத்தைப் பிடித்தால் நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு அறுப்பாள், கோடு அழியாமல் அப்படியே நிற்கும். வெங்கடேசன் முதல் வாரமே பள்ளிக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"பொணப்பெட்டி அடிக்கிறவ கையாலதான் எம் பொண்ணு தொழில் கத்துக்கணுமா சார்? வேற ஆளே கெடைக்கலியா?"

"கெடைக்கலை," என்றார் சார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். மகள் அழுது அடம்பிடித்ததில் வெங்கடேசன் அன்றைக்கு இறங்கி வந்தான். ஆனால் செவ்வந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. நடுவில் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விட்டுவிட்டு, செவ்வந்தி இழைப்புளியின் அலகைத் தீட்டிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே சத்தம் அடங்கியது. பிள்ளைகள் கத்தினால் கவலையில்லை, அடங்கினால்தான் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். எழுந்து வந்து பார்த்தாள்.

ஜெயப்பிரியா ஒரு நீளப் பலகையின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். கைகளை மார்பில் கோத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு குலுங்கக் கிடந்தாள். பக்கத்தில் முட்டி போட்டிருந்தவள் திவ்யா, காலனிப் பெண். செவ்வந்தி அளப்பதைச் சாவு வீடுகளில் பார்த்தே வளர்ந்தவள். தலைக்கு மேல் நாலு விரல் விட்டு ஒரு கோடு, காலுக்குக் கீழே இரண்டு விரல் விட்டு ஒரு கோடு என்று ரீப்பரில் அச்சு அசலாகப் போட்டு முடித்திருந்தாள்.

செவ்வந்தி பாய்ந்து போய்த் திவ்யாவின் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் முட்டியில் வைத்து இரண்டாக உடைத்தாள்.

உடைத்த சத்தம் கேட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் பழகிய கை, மூளையைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. குழந்தைகள் விளையாட்டாக ஆரம்பித்ததை முறைப்படி முடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

திவ்யா அவளை அண்ணாந்து பார்த்தாள். "அக்கா, ஒடச்சிட்டியே," என்றாள் மெதுவாக. "நாங்க சும்மாதான் அளந்தோம்."

துண்டுகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்டிக்குள் போடவேண்டிய துண்டுகள், பெட்டி இல்லை. அன்று மாலை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். மழையில் நனைந்த மரம், புகைந்ததே தவிர எரியவில்லை. கரி பிடித்த அரைகுறைத் துண்டுகளைக் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் புதைத்துவிட்டு வந்தாள். கர்த்தரே, விளையாட்டு இது, கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று வேண்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஜெயப்பிரியா வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஊரில் பாதி வீட்டில் அப்போது காய்ச்சல்தான். உத்திரமேரூரில் ஊசி போட்டும் நிற்காமல், டெங்கு என்று சொல்லி செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூக்கில் ரத்தம் வந்தது, ஐசியுவில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்த அன்று, பிள்ளைகளில் ஏதோ ஒன்று வீட்டில் குச்சி விஷயத்தைச் சொல்லிவிட்டது. சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. செவ்வந்தி பெட்டிக்கு அளவு எடுத்தாள் என்று ஒருத்தி, எடுத்ததோடு உடைத்தும் போட்டாள் என்று இன்னொருத்தி. கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். அவளைக் கண்டதும் ஒரு பெண் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். வகுப்பை நிறுத்திவைத்தார் சுகுமார் சார்.

செவ்வந்திக்கு ஊர் சொன்னதில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு இருந்தது பயம். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் கூடவே அந்த உடைந்த சத்தமும் காதில் கேட்டது. வீட்டோடு ஒட்டிய பெட்டிக் கொட்டகையின் மூலையில் சாத்தியிருந்த பலகைகளில் குட்டையானதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை, கோணியைப் போட்டு மூடிவைத்தாள்.

அப்படி ஒரு மத்தியானம் வெங்கடேசன் வந்தான். காலனிக்குள் அவன் வண்டி வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. நாள் கணக்கில் சவரம் செய்யாத முகம், ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் சட்டை. கையில் ஒரு புது ரீப்பர் குச்சி. அதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கொயந்த எப்பிடி கீது அண்ணே?" என்று கேட்டாள். அவள் அம்மா இவன் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிட்டிருப்பாள். செவ்வந்திக்கு அது வாயில் வராது. வேறு நாளாக இருந்தால் அந்த ‘அண்ணே’வுக்கு அவன் முகம் சுளித்திருப்பான். அன்றைக்கு அவனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"கண்ணத் தொறக்கல," என்றான். "இன்னா பண்றதுன்னே தெரியல. ஒருத்தர்கிட்ட கேட்டேன். அளவு எடுத்து ஒடச்சவளையே அளந்து ஒடச்சா, அது அவ மேலயே திரும்பிக்கும்னு சொல்றாரு." குச்சியை நீட்டினான். மிரட்ட வந்தவன் மாதிரிதான் வந்திருந்தான், ஆனால் குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. "படுமே. உன் கால்ல வேணும்னாலும் வியறேன். படு."

அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போலீசுக்குப் போவேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சுகுமார் சார் பின்னால் கேள்விப்பட்டபோது அதைத்தான் கேட்டார், ஏன்மா சம்மதிச்சே என்று. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியதெல்லாம், அந்தப் பிள்ளைக்குச் செய்ய இது ஒன்றுதான் தன் கையில் இருக்கிறது என்பதுதான். நம்பினாளா, நம்பவில்லையா என்று கேட்டால், பீட்டரும் நம்பாமல்தானே ஒவ்வொரு தடவையும் உடைத்தான்.

செவ்வந்தி கொட்டகையின் சிமெண்டுத் தரையில், மரத்தூளைக் காலால் ஒதுக்கிவிட்டு, மல்லாந்து படுத்தாள். புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெங்கடேசன் குச்சியை அவளுக்குப் பக்கத்தில் வைத்தான். உச்சந்தலைக்கு நேராகவே கோடு போடப் போனான்.

"அங்க இல்ல அண்ணே," என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடி. "தலைக்கி மேல நாலு வெரல் வுடணும். கால் பக்கம் ரெண்டு வெரல்."

அவன் விரல் வைத்து அளந்து கோடு போட்டான். பிறகு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து உடைக்கப் பார்த்தான். புது மரம், வளைந்துகொண்டு போனதே தவிர உடையவில்லை. மறுபடி முயன்றான். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"முட்டி மேல வையி," என்று சொல்லிக்கொடுத்தாள் செவ்வந்தி.

உடைந்தது. அவன் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அவள் எழுந்து உட்கார்ந்தபோது முதுகு முழுக்க மரத்தூள். தட்டிவிட ஆள் இல்லை. பீட்டர் போனபோதுகூட இப்படி ஒரு தனிமை அவளை வந்து அழுத்தியதில்லை.

ஜெயப்பிரியா பிழைத்துக்கொண்டாள். அளந்ததற்கு மறுநாளே கண்ணைத் திறந்தாள் என்று ஊரில் சொன்னார்கள். டாக்டர்கள் வேறு காரணம் சொல்லியிருப்பார்கள், அதை யார் கேட்டார்கள்? ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இப்போது செவ்வந்தியைக் கண்டால் யாரும் ஒதுங்கவில்லை. பாவம் என்பது மாதிரி பார்த்தார்கள். கடைக்காரர் முந்தி எறிகிற மாதிரி கொடுக்கும் சாமானைக் கையில் வைத்துக் கொடுத்தார். ஒரு பெண், "நல்லா சாப்பிடு செவ்வந்தி" என்றாள். இந்தக் கரிசனம் அவளுக்கு அந்த ஒதுக்கத்தைவிடப் பேஜாராக இருந்தது. உயிரோடு இருக்கும்போதே துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள், பாவிகள்.

தை மாதம் வகுப்பு மறுபடி ஆரம்பித்தது. ஜெயப்பிரியா முடி கொட்டி, கழுத்து மெலிந்து வந்தாள். வெங்கடேசன் தடுக்கவில்லை. ஒரு நாள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அக்கா, எனக்குப் பதிலா எங்க நைனா உன்ன அளந்தாராமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். எங்கம்மாகூட." பலகையில் படிந்திருந்த தூளை ஊதிவிட்டாள். "உனக்கு எதுவும் ஆவாதில்ல அக்கா?"

"எனக்கு இன்னா ஆவப்போவுது? கோட்டப் பாத்து அறு," என்றாள் செவ்வந்தி. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போதுதான் அவளுக்கு அது முழுசாகப் புரிந்தது. தனக்கு ஏதாவது ஆனால் இந்தப் பிள்ளை அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும். பத்து வயசுப் பிள்ளை. அது கல்யாணமாகிக் குழந்தை பெற்றாலும், செவ்வந்தியின் உயிரை வாங்கிப் பிழைத்தவள் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருக்கும். இனிமேல் அவளுக்கு நிம்மதியாகச் சாகக்கூட வழியில்லை.

அதற்கு முன்பிருந்தே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் வெங்கடேசனின் வண்டி கொட்டகைக்கு எதிரில் வந்து நிற்கும். இறங்க மாட்டான், பேச மாட்டான். அவள் கதவைத் திறந்து வெளியே வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். முதலில் மிரட்டுகிறான் என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அவன் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போகிறான்.

மாசியில், பனி விடாத நாட்களில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு முறித்துப் போட்ட மாதிரி இருந்தது. கண்ணுக்குப் பின்னால் வலித்தது. காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து, கையில் இழைப்புளியை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் பார்த்தான், போனான். மறுநாளும் அப்படியே நின்று காட்டினாள். அதற்கடுத்த நாள் வண்டிச் சத்தம் கேட்டது, எழ முடியவில்லை. வண்டி நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. பிறகு இன்ஜின் அணைந்தது. கதவைத் தள்ளும் சத்தம்.

வெங்கடேசன் உள்ளே வந்து அவள் நெற்றியைத் தொட்டான். தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்கி போலாம்," என்றான்.

காலனியே வாசலில் நின்று பார்க்க, அவன் அவளைப் பின்னால் உட்காரவைத்து உத்திரமேரூருக்கு ஓட்டினான். அவள் தலை அவன் முதுகில் மோதி மோதி விலகியது. ஏரிக்கரை மேல் ஏறியதும் வண்டியின் வேகம் குறைந்தது. பாதிக் கரையில் நின்றேவிட்டது. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கழனி. அவன் காலை ஊன்றி, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னா அண்ணே?"

அவன் திரும்பவில்லை.

"நீ பொயச்சிக்கினா," என்றான், "அது மறுபடி எங்க போவும்?"

இத்தனை நாளும் அவன் கொட்டகை வாசலில் நின்று என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்றா, இல்லை அந்தக் கதவு ஒரு நாள் திறக்காமல் போய்விட்டால் தேவலை என்றா? இந்த ஏரிக்கரையில் அவளை இறக்கிவிட்டுப் போனாலும் கேட்பார் இல்லை.

"அண்ணே, நல்லா கேட்டுக்கோ," என்றாள். வார்த்தை வறண்டு வந்தது. "நான் செத்தா உம் பொண்ணுதான் அத தூக்கிக்கினு திரியணும். அது எங்கிட்ட ஏற்கனவே கேட்டுடுச்சி, உனக்கு எதுவும் ஆவாதில்லன்னு. அதுக்காவவாச்சும் நான் பொயச்சே ஆவணும். வண்டிய எடு."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வண்டியை உதைத்தான். ஆஸ்பத்திரி வாசலில்தான் மறுபடி நிறுத்தினான்.

படுக்கை கொடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெங்கடேசன் வீட்டுக்குப் போகவில்லை. வார்டு வாசலில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், டீ வாங்கி வந்து வைத்தான், நர்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்றான். இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் நர்ஸ் செவ்வந்தியின் அக்குளிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சி. இனி பயமில்லை," என்று அவனைப் பார்த்துச் சொன்னாள், கூட வந்தவர் சந்தோஷப்படட்டும் என்று.

வெங்கடேசனின் முகம் வெளுத்தது. போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓடினான். திறந்திருந்த ஜன்னல் வழியாக அவன் வீட்டுக்குப் பேசியது செவ்வந்திக்கு நன்றாகக் கேட்டது.

"ஜெயா எங்க? ... பள்ளிக்கூடத்துக்கா? அனுப்பாத, நிறுத்து. நெத்தியத் தொட்டுப் பாரு ... சுடலியா? இல்ல, பொறங்கையால பாரு. கழுத்துல பாரு ... நல்லா பாத்தியா?" பிறகு மறுபடியும் அதே குரல், இன்னும் கெஞ்சலாக. "மறுபடியும் தொட்டுப் பாரு."